இரட்டை நூல் பட்டம்: துணைக்கு ஆளில்லாமல் ஏற்றி, ஓட்டி, இறக்குவது

இரட்டை நூல் பட்டத்தைத் தனியாகப் பழக விரும்புகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஏற்றுவதைவிட இறக்குவதில் அதிக நேரம் செலவிடுங்கள். காரணம் எளியது. நூல் 25 மீட்டர் நீளம். பட்டம் தலைகுப்புற விழுந்தால் அதை நிமிர்த்த 25 மீட்டர் நடக்க வேண்டும்; திரும்பிவர இன்னொரு 25 மீட்டர். கால் புதையும் மணலில் இந்த நடைதான் பழகுபவரின் பொறுமையைக் கெடுக்கிறது. கூட ஒருவர் இருந்தால் அவர் பட்டத்தைத் தூக்கி நிறுத்துவார். தனியாள் ஒவ்வொரு முறையும் தானே போக வேண்டும். இரண்டு சிறகு முனைகளையும் ஊன்றி நேராக இறங்கிய பட்டமோ மறுநொடியே ஏறத் தயாராக நிற்கிறது. இறக்கம் வசப்பட்டவருக்கு மாலை முழுவதும் பட்டத்தின் பக்கம் நடக்கும் தேவையே வராது.

நான் பழகியது திருவிடந்தைக்கு அருகே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கடற்கரையில். அங்கிருந்து தெற்கே மாமல்லபுரத்தில் 2022 ஆகஸ்டில் பன்னாட்டுப் பட்டத் திருவிழா நடந்தது. அங்கே கூட்டத்தை ஈர்த்தவை காற்று நிரம்பி உப்பிய பெரிய உருவப் பட்டங்கள். அவற்றை ஏற்றிக் கட்டிவிட்டால் அவை பாட்டுக்கு மிதக்கும். இரட்டை நூல் பட்டம் அப்படி மிதக்காது. அது ஓட்டப்படும் பட்டம். வலக்கையை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும், இடக்கையை இழுத்தால் இடப்பக்கம். இரண்டு கைகளும் சமமாக இருந்தால் மூக்கு எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில், தரையை நோக்கியிருந்தாலும் சரி, நேராகப் போய்க்கொண்டே இருக்கும். வண்டி மாட்டின் இரு கயிறுகளைப் பிடித்தவருக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை.

இந்த வகைப் பட்டத்தின் வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையினர் துப்பாக்கிப் பயிற்சிக்கு அசையும் இலக்கு தேவைப்பட்டு, பால் கார்பர் வடிவமைத்த இரட்டை நூல் பட்டத்தைப் பயன்படுத்தினார்கள். அதில் சுக்கான் இருந்தது. எதிரி விமானத்தின் உருவத்தைத் துணியில் வரைந்து, கீழிருந்தபடியே அதை வளைத்து வளைத்து ஓட்டினார்கள். 1972இல் இங்கிலாந்தின் பீட்டர் பவல் தம்முடைய இரட்டை நூல் பட்டத்தை விற்கத் தொடங்கியபோது இது பொதுமக்களின் விளையாட்டானது. இன்று நாம் பார்க்கும் அகன்ற முக்கோண வடிவம் 1980களில் அமெரிக்காவில் பரவியது.

என்னுடையது அந்த முக்கோண வடிவம்தான். சிறகு விரிப்பு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். துணி ரிப்ஸ்டாப் நைலான், அதாவது கிழிசல் ஓடாதபடி கட்டம் கட்டமாக நெய்தது; குச்சிகள் கார்பன் குழாய். நடுவில் முதுகுக் குச்சி, இருபுறமும் முன்விளிம்புக் குச்சிகள், மேலும் கீழும் குறுக்குக் குச்சிகள், துணியைப் பின்னுக்குத் தள்ளி வயிற்றை உருவாக்கும் சிறு தாங்கு குச்சிகள். முன்பக்கம் இரண்டு சூத்திரங்கள், அதாவது நூலை மாட்டுவதற்காகக் குச்சிகளோடு பிணைத்த கயிறுகள், பக்கத்துக்கு ஒன்று. நம் ஊர்க் காற்றாடிக்குச் சூத்திரம் கட்டத் தெரிந்தவருக்கு இதுவும் விளங்கிவிடும். நூல் கட்டும் முடிச்சை மூக்குப் பக்கம் நகர்த்தினால் பட்டம் எளிதாக எழும்பும், வேகமாக முன்னோக்கி ஓடும், வளைவு அகலமாகும். வால் பக்கம் நகர்த்தினால் இறுக்கமாகத் திரும்பும், நிறுத்துவதும் எளிது. ஆனால் காற்று குறைந்தால் தரையை விட்டே எழாது. நகர்த்துவது ஒரு தடவைக்கு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கமும் ஒரே அளவு. பழகும் காலத்தில் தயாரிப்பாளர் குறியிட்டிருக்கும் இடத்திலேயே விட்டுவைப்பது நல்லது. திறமை வருவதற்கு முன் சூத்திரத்தை மாற்றிக்கொண்டே இருந்தால், குறை கையிலா பட்டத்திலா என்பது கடைசிவரை தெரியாது.

காற்றும் இடமும்

பழகுவதற்கு மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் வரையிலான காற்று பொருத்தம். கருவி தேவையில்லை. இலைகளும் சிறு கிளைகளும் நிற்காமல் ஆட வேண்டும், கொடி விரிந்து நிற்க வேண்டும், கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்ணுரை தெரிய வேண்டும். கடல் முழுக்க வெண்ணுரை, கரையில் காகிதமும் தூசியும் பறக்கின்றன என்றால் காற்று 20ஐத் தாண்டிவிட்டது. காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 12 கிலோமீட்டர் 24 ஆனால் இழுப்பு இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. விழும் வேகமும் அதற்கேற்பக் கூடுவதால் குச்சிகள் முறிவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

கடலிலிருந்து வரும் கொண்டல் இந்தப் பழக்கத்துக்கென்றே அமைந்தது. நீர்ப்பரப்பின் மீது தடையின்றி வருவதால் சீராக வீசும். கோடைக் காலத்தில் நண்பகலை ஒட்டித் தொடங்கிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வலுத்த மாதங்களில் மேல்காற்றோடு போராடி, பிற்பகலில்தான் கரையேறும். அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர், கடலின் மேல் கருத்த திட்டுகள் கரையை நோக்கி நகர்வதைக் காட்டி, அதுதான் காற்று என்றார். அலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த வீச்சு கைக்கு வருவதற்குச் சில நொடிகள் முன்பே தெரிந்துவிடுகிறது. ஓட்டும்போது கடல் முதுகுக்குப் பின்னால் இருப்பதால், ஏற்றுவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

மேற்கிலிருந்து வரும் தரைக்காற்றில் அதே கடற்கரை வேறு இடமாகிவிடும். சவுக்குத் தோப்பைத் தாண்டி வரும் காற்று சுழித்து, விட்டுவிட்டு வீசும். தோப்பின் உயரத்தைப்போல் பல மடங்கு தொலைவுக்கு இந்தச் சுழிப்பு நீளும். அந்த நாட்களில் பழகுவதில் பயனில்லை. வீட்டில் உட்கார்ந்து நூலைச் சீர்செய்யலாம்.

இடத்தைப் பற்றி இன்னொன்று. நூல் 25 மீட்டர் என்றால் நின்ற இடத்திலிருந்து இருபுறமும், முன்புறமும் அந்த அளவுக்கும் மேல் ஆளில்லாத வெளி வேண்டும். பட்டத்தின் இழுப்பில் விறைத்து நிற்கும் மெல்லிய நூல் கழுத்தை அறுக்கும். அது கண்ணுக்கும் தெரியாது. கூட்டம் சேரும் கடற்கரையில் இதைச் செய்யவே கூடாது. யாராவது நடந்து வந்தால், அவர் கடந்து போகட்டும் என்று பட்டத்தை உச்சியில் நிறுத்திக் காத்திருப்பதைவிட, இறக்கிவிட்டுக் காத்திருப்பது நல்லது. மின்கம்பி இருக்கும் இடம், இடி கேட்கும் நாள் ஆகியவற்றைச் சொல்லத் தேவையில்லை.

நூல்

இரட்டை நூல் பட்டத்துக்கு டைனீமா என்ற வலுவான செயற்கை இழையில் பின்னிய நூல்தான் சரி. மெல்லியது, வழவழப்பானது, ஏறக்குறைய நீளவே நீளாது. 70 கிலோ வரை தாங்கும் நூல் என் பட்டத்தின் அளவுக்குப் போதும். நூல் நீண்டால் கையின் அசைவு பட்டத்துக்குத் தாமதமாகப் போகும். வழவழப்பு இல்லையென்றால் இரண்டு நூல்களும் முறுக்கிக்கொள்ளும்போது பட்டம் கேட்காது. டைனீமாவில் பட்டம் ஒரே பக்கமாக நாலைந்து சுற்று சுற்றி நூல் முறுக்கேறினாலும், முறுக்கின் வழியே இழுப்பு தடையின்றிப் போய்ச் சேருகிறது.

அதன் பலவீனம் வெப்பம். 150 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே உருகிவிடும். பக்கத்தில் பையன்கள் சாதாரணப் பருத்தி நூலில் காற்றாடி விட்டுக்கொண்டிருந்தால் அருகே போகாதீர்கள். இரண்டும் உரசினால் உரசும் சூட்டிலேயே டைனீமா அறுந்துவிடும். இன்னொரு பலவீனம், முடிச்சு. நூலிலேயே நேரடியாக முடிச்சிட்டால் அந்த இடத்தில் நூல் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு முனைகளிலும் 15 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பாலியெஸ்டர் பின்னல் உறை செருகி, உறையோடு சேர்த்து மடித்துக் கண்ணி போட வேண்டும். மெல்லிய கம்பியை இரண்டாக மடித்து உறைக்குள் விட்டு, நூலை அதில் மாட்டி இழுத்தால் எளிதாக ஏறும்.

நூல்களின் நீளம் சமமாக இல்லையென்றால் பட்டம் எப்போதும் குட்டையான நூலின் பக்கம் சாயும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசமே கையில் தெரியும். புது நூலில் முடிச்சுகள் இறுகும்போது நீளம் மாறுவதால், முதல் சில மாலைகளுக்குப் பிறகு மறுபடி அளக்க வேண்டும். நான் செய்வது இப்படி: இரு நூல்களின் ஒரு முனையையும் ஒரே கம்பத்தில் மாட்டி, மறு முனைகளை ஒரு கையில் சேர்த்துப் பிடித்து, உடல் எடையைக் கொஞ்சம் சாய்த்துச் சில நிமிடங்கள் இழுத்துப் பிடிப்பேன். பிறகு கண்ணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நீண்டதன் முடிச்சைத் தளர்த்தி நகர்த்துவேன். ஒரு நூலின் இரு முனை உறைகளிலும் சிவப்பு மையால் குறியிட்டு, அதை எப்போதும் ஒரே கைக்கு வைத்துக்கொண்டால் இடம் வலம் மாறாது.

முளை

தனியாக ஏற்றுவது என்பதன் ரகசியமே முளையில்தான் இருக்கிறது. பட்டம் அங்கே நிற்கும்போது நூலை இங்கே பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள்தான் முளை. புல்தரையில் ஒரு பெரிய திருப்புளியைக் குத்திவைத்தாலே போதும். காய்ந்த மணலில் அது நொடியில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். வெல்டிங் கடையில் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள இரும்பு ஆங்கிள் துண்டை வாங்கி, ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையில் கொக்கியைப் பற்றவைத்துக்கொண்டேன். ஆங்கிளின் அகலம் மணலைப் பிடித்துக்கொள்கிறது. பட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும்.

கொண்டலில் ஓட்டுகிறவர் கடலை முதுகில் வைத்து நிற்பதால், முளையை நீர் தொட்டுவிட்டுப் போகும் கோட்டுக்குச் சற்று மேலே, ஈரம் இறுகிய மணலில் அடிக்கலாம். அங்கே பிடிப்பு நன்றாக இருக்கும், காலுக்கும் உறுதி. ஆனால் முளைக்குப் பின்னால் பத்தடியாவது வறண்ட இடம் வேண்டும். ஏற்றும்போது பின்னோக்கிப் போவது அலைக்குள்ளாக இருக்கக் கூடாது.

முளையில் இரு கைப்பட்டைகளையும் (நூல் முனைகளில் கட்டிய, கையில் மாட்டிக்கொள்ளும் பட்டைகள்) மாட்டிவிட்டு, காற்று போகும் திசையில் நடந்துகொண்டே நூலை அவிழ்த்துப் போவேன். முடியும் இடத்தில் பட்டத்தைப் பொருத்தி, நூலின் கண்ணியைச் சுருக்காக மடித்து, சூத்திரத்தின் நுனி முடிச்சுக்குப் பின்னால் இறுக்குவேன். பிறகு பட்டத்தைச் சிறகு முனைகள் தரையைத் தொட, மூக்கு என்னை விட்டு விலகிப் பின்னால் சாய்ந்திருக்கும்படி நிறுத்தி, நூல் இரண்டும் விறைக்கும்வரை பட்டத்தைப் பின்னுக்கு நகர்த்துவேன். சாய்வுதான் இங்கே முக்கியம். நிமிர்ந்து நின்றால் ஆள் வருவதற்குள் பட்டம் தானே ஏறிவிடும். நன்றாகச் சாய்ந்திருந்தால் காற்று அதைத் தரையோடு அழுத்தும், நூல் அதைப் பின்னால் விழாமல் தாங்கும். இந்த இரண்டு விசைகளும் சமன்பட்டு அது அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகே முளைக்குத் திரும்புவேன். போகும் வழியில் நூலைக் கையால் தடவிக்கொண்டே போனால் சுள்ளியோ பாசியோ சிக்கியிருப்பது தெரியும்.

ஏற்றம்

கைப்பட்டைகளை முளையிலிருந்து எடுத்து, முளையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். ஓட்டத்தில் ஆள் எங்கெங்கோ நகர்ந்துவிடுவதால் இறக்கிய இடத்தில்தான் முளை தேவைப்படும். மேலும் அதை மணலில் விட்டுவைத்தால் கால் தடுக்கும், பிறருக்கும் ஆபத்து.

கைகளை முன்னால் நீட்டி, நூலை லேசாக இழுத்துப் பட்டத்தை நிமிர்த்துங்கள். நிமிர்ந்ததும் ஓரடி பின்னால் வைத்து, இரு கைகளையும் ஒரே வேகத்தில் இடுப்புக்குக் கொண்டுவாருங்கள். பட்டம் மேலெழும். எழுந்த உடனே கைகள் மறுபடி கொஞ்சம் முன்னால் போய், இடுப்பு உயரத்தில், உடல் அகலத்துக்கு விலகி நிற்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவருக்குக் கை தானாகத் தலைக்கு மேல் போகும், பட்டத்தைக் கையால் தூக்கிவிடலாம் என்பதுபோல. அதனால் எதுவும் நடக்காது. கைக்கு அசைய இடம் இல்லாமல் போவதுதான் மிச்சம்.

காற்று குறைவான நாளில் கை இழுப்பு போதாது. நாலைந்து அடி விரைவாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். இங்கேதான் இந்த விளையாட்டில் கால்களின் பங்கு விளங்குகிறது. பட்டத்துக்குத் தெரிவது தன் மேல் படும் காற்று மட்டுமே. ஓட்டுபவர் பின்னால் போனால் அந்தக் காற்று கூடும், முன்னால் போனால் குறையும். நல்ல ஓட்டுநரைப் பார்த்தால் கை அதிகம் அசையாது. கால் நிற்காது.

ஓட்டம்

பட்டம் போகக்கூடிய வெளியை ஒரு கோளத்தின் கால் பங்காக நினைத்துக்கொள்ளலாம். ஓட்டுபவர் அதன் மையம். அவருக்கு நேர் எதிரே, காற்று போகும் திசையில் இருப்பது நடு. அங்கே இழுப்பு மிக அதிகம். தலைக்கு மேலும் இடவலக் கோடிகளிலும் விளிம்பு. அங்கே இழுப்பு கரைந்துபோகும். அதைத் தாண்டிப் பட்டத்தால் போக முடியாது. பட்டம் எங்கே எவ்வளவு இழுக்கும் என்பது உடம்பில் பதிய, உச்சிக்கும் நடுவுக்கும் இடையே சோம்பலாக வளைந்து வளைந்து ஏறி இறங்கச் செய்வதே போதுமான பயிற்சி. இடப்பக்கம் ஒரு முழுச் சுற்று சுற்றினால் வலப்பக்கம் ஒரு சுற்று சுற்றி முறுக்கை எடுத்துவிடலாம்.

அடுத்தது கிடையாக ஓட்டுவது: தரைக்கு இணையாக, இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு. பட்டம் தன் போக்கில் மெல்ல ஏறவோ இறங்கவோ பார்க்கும். கையை விரல் நுனி அளவுக்கு முன்பின் நகர்த்தித் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நடுவைக் கடக்கும்போது முன்னோக்கி நடந்து வேகத்தைத் தணித்து, விளிம்பை நெருங்கும்போது பின்னோக்கி நடந்து வேகத்தைத் தக்கவைக்க வேண்டும். இந்தப் பயிற்சியை நான் மிக விரும்பிச் செய்கிறேன். இறக்கம் முழுவதும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

இதற்கிடையே ஒரு பழக்கத்தை உடம்பில் ஏற்றியாக வேண்டும். பட்டம் தரையை நோக்கிப் பாய்கிறது, திருப்ப முடியாது என்று தெரிந்த நொடியில் கை தானாக இழுக்கும். இழுத்தால் பட்டம் இன்னும் வேகமாகக் குத்தும். செய்ய வேண்டியது நேர் எதிரானது: இரு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு பட்டத்தை நோக்கி ஓட வேண்டும். நூல் தளர்ந்ததும் துணியின் மேல் அழுத்தம் போய், பட்டம் வலுவிழந்து மெத்தென்று விழும். முன்னால் ஓடிய இரண்டு மூன்று அடிகள் ஒரு குச்சியைக் காப்பாற்றும்.

இறக்கம்

எளியது விளிம்பு இறக்கம். ஆள் உயரத்துக்குப் பட்டத்தைக் கொண்டுவந்து, கிடையாக வலப்பக்கம் ஓட்டுங்கள். நிறுத்தாமல் கோடிவரை போகவிடுங்கள். விளிம்பை நெருங்க நெருங்க இழுப்பு குறைந்து பட்டம் தானே தயங்கும். அந்தத் தயக்கத்தில் இடக்கையை, அதாவது அப்போது மேலே இருக்கும் சிறகின் கையை, கொஞ்சம் இழுத்தால் மூக்கு மேல்நோக்கித் திரும்பும். உடனே முன்னோக்கி ஓரிரு அடி வையுங்கள். பட்டம் இரண்டு முனைகளிலும் இறங்கி நிற்கும். தரைக்கு மிக அருகே கொண்டுவரும் துணிச்சல் வர வேண்டும் என்பதைத் தவிர இதில் கடினமில்லை. இரண்டு மீட்டர் உயரத்தில் தயங்கவிட்டால் அது சறுக்கிக்கொண்டு, ஒரு சிறகு முதலில் தட்டி விழும்.

விளிம்பில் இறங்கிய பட்டத்துக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. அங்கே காற்றின் பிடி இல்லாததால் தானாக ஏறாது. ஓட்டத்தை முடித்துக்கொண்டு முளையில் மாட்டிவிட்டுப் போவதற்கு அதுதான் பாதுகாப்பான இடம். ஆனால் அதே காரணத்தால் அங்கிருந்து மறுபடி ஏற்றுவது கடினம். பட்டம் நடுவுக்கு வரும்படி, ஓட்டுபவர்தான் பக்கவாட்டில் நடந்து காற்றின் திசையைத் தம் முதுகுக்கு நேராக்கிக்கொள்ள வேண்டும்.

நடுவிலேயே இறக்குவதுதான் எனக்குப் பெரும் மகிழ்ச்சி தரும் வேலை. இழுப்பு முழுவதும் இருக்கும் இடத்தில் பட்டத்தைச் சட்டென்று நிறுத்தி, இரண்டு முனைகளிலும் உட்காரவைப்பது. இடப்பக்கமாகக் கிடையாக, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் ஓட்டி வருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வலச்சிறகு மேலே இருக்கிறது. வலக்கையைச் சுருக்கென்று, கையளவு தூரம் இழுக்க வேண்டும். மூக்கு மேலே பார்க்கும். அது மேலே பார்த்த அதே கணத்தில், ஏறத் தொடங்குவதற்கு முன்பே, இரு கைகளையும் சமமாக்கி முன்னால் தள்ளி, ஓரடி முன்வைக்க வேண்டும். துணியிலிருந்து காற்று வழியும். பட்டம் அந்தரத்தில் நின்று, அப்படியே கீழே அமரும்.

இதில் மூன்று செயல்கள் இருப்பதாகச் சொன்னாலும், கைக்கு வரும்போது அவை ஒரே அசைவு. தாளம் பிசகினால் என்ன ஆகும் என்பதைப் பட்டமே சொல்லிவிடும். தள்ளுவது தாமதமானால் பட்டம் மேலே ஏறிவிடும். முந்திவிட்டால் மூக்கு முழுதாகத் திரும்பாமல் சாய்ந்தபடி விழும். இழுப்பு மென்மையாக இருந்தால் வளைந்து ஏறுமே தவிர நிற்காது. தரையில் இப்படிப் பழகுவதற்கு முன், பத்து மீட்டர் உயரத்தில் இதே நிறுத்தத்தைச் செய்து பார்ப்பது என் வழி. அங்கே தவறினாலும் விழுவதற்குள் மீட்டுவிடலாம். உயரத்தில் இரண்டு நொடி அசையாமல் நிறுத்த முடிந்த பிறகு, உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். இடப்பக்கம் கைவந்தது வலப்பக்கம் வராது. இரண்டையும் தனித்தனியாகப் பழக வேண்டும்.

இறங்கிய பிறகு நூலில் சிறிதளவு விறைப்பு இருக்க வேண்டும். அதிகமானால் ஏறிவிடும். முழுக்கத் தளர்ந்தால் காற்று பட்டத்தை மல்லாத்திவிடும். மூக்கு நம்மை விட்டு விலகிய நிலையில் மல்லாந்தால் கவலையில்லை, இரு நூல்களையும் மெதுவாக இழுத்தால் நிமிரும்.

விழுந்த பட்டத்தை எழுப்புதல்

மூக்கு தரையில் குத்தி, தலைகீழாக நிற்கும் பட்டத்தை இரு நூல்களையும் பிடித்து இழுத்தால் மூக்கு இன்னும் ஆழமாக மணலில் புதையும், முன்விளிம்புக் குச்சி வளைந்து வெடிக்கும். நடந்து போகாமல் எழுப்பவும் வழி இருக்கிறது. முன்னோக்கி நடந்து நூலைத் தளர்த்தினால் காற்று பட்டத்தை அப்பால் சாய்த்து, மூக்கு நம்மை நோக்கியிருக்கும்படி மல்லாத்தும். முழுதாகச் சாய்வதற்குச் சற்று முன்னோ, சாய்ந்த உடனேயோ, ஒரு நூலை மட்டும் நிதானமாக, நீளமாக இழுக்க வேண்டும். அந்தச் சிறகு எழும்பும். மற்றச் சிறகின் முன்விளிம்பில் உருண்டு, பட்டம் சிறகு முனையில் வந்து நிற்கும். நின்றதும் இரு நூல்களையும் சமமாக்கினால் ஏறத் தயார். எந்தக் கையை இழுத்தால் நூலின் அரை முறுக்கு பிரியுமோ அந்தக் கையை இழுப்பது நல்லது.

இதற்குக் கையை விடக் காலே உதவும். பட்டம் பாதி உருண்டு நின்றுவிட்டால், அதிக விசை கொடுக்காமல், பக்கவாட்டில் பத்துப் பதினைந்து அடி நடந்து இழுக்கும் கோணத்தை மாற்றினால் பெரும்பாலும் புரண்டுவிடும். புரளவில்லையென்றால் நடந்துதான் போக வேண்டும். முன்னால் கவிழ்ந்து, வயிறு தரையில் பதிந்து, மூக்கு நம்மைப் பார்த்துக் கிடக்கும் பட்டத்துக்கும் அதே கதைதான். அதை இருந்த இடத்திலிருந்தே எழுப்புகிறவர்கள் உண்டு. அது தேர்ந்தவர்களின் வேலை.

குச்சி பார்ப்பது

தரையில் பட்டுப் பட்டு, கீழ்க் குறுக்குக் குச்சி நடு இணைப்புக்குள் செருகும் இடத்தில் நீளவாக்கில் பிளந்தது. முக்கோணப் பட்டங்களில் அடிக்கடி போகும் இடம் இது. விழும்போது இரு சிறகுகளின் வேகமும் அங்கேதான் வந்து சேர்கிறது. பிளந்த கார்பனை வெறும் கையால் தடவக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு தோலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

மாற்றுக் குச்சிக்கு நான் போனது தூண்டில் சாமான் விற்கும் கடைக்கு. முறிந்த கார்பன் தூண்டில் கோல்களின் துண்டுகள் அங்கே கிடைக்கும். வெர்னியர் அளவுகோலில் அளந்து, வெளிவிட்டம் 6 மில்லிமீட்டர் இருக்கும் பகுதியைத் தேர்ந்துகொண்டேன். தூண்டில் கோல் ஒரு பக்கம் சிறுத்துப் போகும் என்பதால் இரண்டு முனைகளையும் அளக்க வேண்டும். அறுக்கும் இடத்தில் டேப் சுற்றி, நுண்பல் வாளால், குழாயை உருட்டி உருட்டி அறுத்தால் விளிம்பு சிதறாது. முனையை ஈரமான உப்புத்தாளில் தேய்க்க வேண்டும், தூசி நுரையீரலுக்குப் போகாமல் இருக்க முகக்கவசமும் வேண்டும். இணைப்புக்குள் போகும் முனையின் உள்ளே 5 சென்டிமீட்டர் நீளத்துக்குத் திண்மையான ஃபைபர் கிளாஸ் குச்சியை எபாக்சி பசை வைத்துச் செருகி, வெளியே மெல்லிய நூலை நெருக்கமாகச் சுற்றி அதற்கும் எபாக்சி பூசினேன். தூண்டில் கோலில் வளையம் கட்டும் முறைதான் இது.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது போதாது. புதுக் குச்சியின் எடையும் வளைவும் பழையதிலிருந்து மாறுபட்டால் பட்டம் ஒரு பக்கம் சாயும், நூலை எவ்வளவு சமமாக வைத்தாலும் தீராது. இரண்டு பக்கமும் ஒரே கோலிலிருந்து வெட்டி, சமையலறைத் தராசில் எடை பார்த்துப் பொருத்தினேன். முன்னைவிடச் சற்றே கனம் கூடியிருக்கிறது. மெல்லிய காற்றில் ஏறச் சிரமப்பட்டது, சூத்திரத்தை ஒரு குறி மூக்குப் பக்கம் நகர்த்தியதில் சரியாயிற்று.

மடித்து வைப்பது

உப்பும் மணலும் குச்சி இணைப்புகளைத் தின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துகிறேன். வெயிலில் உலர்த்தினால் நைலான் மொடமொடப்பு இழந்து காற்றை விடத் தொடங்கும். சிறு கிழிசலுக்கு ரிப்ஸ்டாப் ஒட்டுத் துண்டை மூலைகளை வட்டமாக வெட்டி இரு பக்கமும் ஒட்டினால் போதும், தையல் போட்டால் ஊசித் துளைகள் வழியே கிழிசல் ஓடும்.

நூலைச் சுற்றுவதில் ஒரு முறை இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, சுற்றுப் பலகையில் எட்டு வடிவில் சுற்ற வேண்டும். ஒரே திசையில் வட்டமாகச் சுற்றினால், அவிழ்க்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். பட்டத்தின் பக்க முனையிலிருந்து சுற்றத் தொடங்கி, கைப்பட்டைப் பக்கத்தில் முடிக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த முறை கைப்பட்டையை முளையில் மாட்டிவிட்டு, நேராகக் காற்றோடு நடந்து போகலாம்.